மணப்பெண் கழுத்தில் ஏ.ஐ. போட்ட வெள்ளி ஆரம்: நோட்டீஸ் வந்துவிட்டது, என்ன செய்வது?

சேலம் சிவதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரை விட்டுவிட்டு, அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுப்பது மாமனார் காலத்திலிருந்து நடக்கிற தொழில். கூலி வேலை குறைந்துபோனதால் வாசகி இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி நேரடியாக விற்க ஆரம்பித்தார். கொலுசும் மெட்டியும் சொந்தப் பட்டறையில் செய்தவை. வெள்ளி ஆரம், ஜிமிக்கி எல்லாம் வெளியில் வாங்கி விற்பவை. மாடல் வைத்துப் படம் எடுக்கக் காசில்லை. கல்லூரியில் படிக்கும் கொழுந்தனார் மகன் ஒரு ஏ.ஐ. செயலியைக் காட்டிக்கொடுத்தான். நகையின் படத்தையும் ஒரு பெண்ணின் படத்தையும் கொடுத்தால், அந்தப் பெண் நகையைப் போட்டுக்கொண்டிருப்பதுபோல அது படம் தரும். ஏற்காடு ஏரிக்கரை, கோயில் மண்டபம் என்று பின்னணியும் கேட்டபடி மாறும். ஆர்டர் கூடியது.

அப்புறம் சிக்கல். தை மாதம் கல்யாணமான ஒரு பெண் இவரிடம் கொலுசும் மெட்டியும் வாங்கியவர். "அக்கா, ஸ்டேட்டஸ்ல போட்டுக்கோங்க" என்று கல்யாணப் படத்தை அனுப்பியிருந்தார். ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்கு அதே படத்தை எடுத்து, கழுத்தில் இருந்த தங்க நகைகளை நீக்கிவிட்டு, வெள்ளி ஆரத்தை ஏ.ஐ. மூலம் போட்டுவிட்டார்கள். அது சுற்றி வந்து மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர்கள் கைக்குப் போய், "கல்யாணத்துக்கு வெள்ளிதான் போட்டு அனுப்பினார்களா" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. இப்போது வக்கீல் நோட்டீஸ்: 15 நாளில் மன்னிப்பும் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் தர வேண்டும், இல்லையென்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ, 67 பிரிவுகளில் புகார். இது போதாதென்று, படத்தில் மூன்று வரிசை வெள்ளி முத்து இருந்த கொலுசு கைக்கு வந்தபோது இரண்டு வரிசைதான் இருந்தது என்று கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். வேறொரு விற்பனையாளர் இவருடைய ஏ.ஐ. படங்களையே எடுத்துப் போட்டு விற்கிறார்.

"அவளே அனுப்பிய படம்தானே, அதில் என்ன தப்பு? மெஷின் செய்த படத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு? ‘படம் மாதிரிக்கு மட்டும்’ என்று கீழே போட்டிருக்கிறேனே. வீட்டுக்காரர் பக்கத்தையே மூடு என்கிறார்." இவைதான் வாசகியின் கேள்விகள்.

சகோதரிக்கு,

சரி, முதலில் நோட்டீஸைப் பார்ப்போம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் வழக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. அதில் போட்டிருக்கும் 5 லட்சம் அவர்கள் கேட்கும் தொகை. நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன தொகை இல்லை. 66-இ பிரிவு, ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படமெடுப்பது, பரப்புவது பற்றியது. 67 ஆபாசப் படங்களைப் பற்றியது. பட்டுப்புடவை கட்டிய பெண்ணின் கழுத்தில் நகையை மாற்றியது இரண்டிலும் வராது. கனம் சேர்ப்பதற்காக இப்படிப் பிரிவுகளை அடுக்குவது எங்கள் வக்கீல் தொழிலில் சிலருக்குப் பழக்கம்.

அதற்காக நோட்டீஸை மடித்துப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். பிரிவு தவறாக இருக்கலாம். அந்தப் பெண்ணின் குறை நியாயமானது. நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட அவருக்கு இடம் இருக்கிறது.

அவர் சம்மதித்தது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். உங்களிடம் வாங்கிய கொலுசோடு, தான் இருந்தபடியே இருக்கும் படத்தை ஸ்டேட்டஸில் போட. தன் நகைகளை நீக்கவோ, தான் வாங்காத ஆரத்துக்கு விளம்பரமாக நிற்கவோ அவர் சம்மதிக்கவில்லை. ஒரு வேலைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொரு வேலைக்குச் செல்லாது. இதில் ஏ.ஐ. வந்ததா, பழைய காலத்து ஸ்டுடியோ டச்சிங் செய்ததா என்பதைச் சட்டம் பெரிதாகப் பார்க்காது.

இதைப் பற்றிய முக்கியமான தீர்ப்புக்கும் நம் ஊருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. தூக்குத் தண்டனைக் கைதியின் சுயசரிதையைப் பத்திரிகையில் வெளியிடுவது பற்றிய, ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்லும் ராஜகோபால் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் அது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று சொன்னது. ஆட்டோ சங்கர் 1995-ல் தூக்கிலிடப்பட்டது நம் சேலம் மத்திய சிறையில்தான். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக இன்றும் பேசப்படும் அந்தத் தீர்ப்பின் ஓர் ஓரத்தில் இருக்கும் வரி, உங்கள் ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர் கல்யாணப் போட்டோகிராஃபர். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். ஆக முகமும் அந்தக் குடும்பத்துடையது, பெரும்பாலும் படமும் அவர்களுடையதே. "அவளே அனுப்பியதுதானே" என்ற வாதம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிற்காது.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியவை

முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: அவர் அனுப்பிய அசல் படம், "போட்டுக்கோங்க" என்ற செய்தி, நீங்கள் போட்ட விளம்பரம், தேதிகள். எடுத்த பிறகு விளம்பரத்தை எல்லா இடத்திலிருந்தும் உடனே நீக்குங்கள். வரிசை முக்கியம். பதற்றத்தில் வாட்ஸ்அப் உரையாடலையும் சேர்த்து அழித்துவிட்டால், அவர் ஓரளவு சம்மதித்தார் என்பதற்கான ஒரே ஆதாரமும் போய்விடும்.

நோட்டீஸில் சொன்ன 15 நாளுக்குள் ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். படம் நீக்கப்பட்டது, கெட்ட நோக்கம் இல்லை, இனி பயன்படுத்த மாட்டோம் என்பது அதில் இருக்கட்டும். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அழைப்பு எண் 15100. வழக்குக்கு முன்பே இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசும் சமரசத்துக்கும் அங்கேயே வழி உண்டு.

என் கணிப்பு, இந்த விஷயம் பணத்தில் முடியாது. அந்தப் பெண்ணுக்கு இப்போது வேண்டியது மாமியார் வீட்டில் தலைநிமிர்ந்து நிற்க ஒரு சான்று. "படத்தில் இருக்கும் ஆரம் நாங்கள் கணினியில் சேர்த்தது, மணப்பெண் கல்யாணத்தன்று அணிந்திருந்தது தங்க நகைகள், அவருடைய அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டோம், வருந்துகிறோம்" என்று விளம்பரம் வந்த அதே பக்கத்தில் போடத் தயார் என்று சொல்லுங்கள். அவர் பெயரைப் போடலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வார்த்தைகளை வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். நேரில் பேசுவதானால் குடும்பத்தில் பெரியவர் ஒருவரோடு போய்ப் பேசலாம். நடுராத்திரியில் நீளமான வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேண்டாம்.

படத்தில் மூன்று வரிசை, பார்சலில் இரண்டு

கோயம்புத்தூர் விஷயத்தில் நீங்கள் வாடிக்கையாளர் மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் அவர் சொல்வது சரி.

நகையைப் போட்டுப் பார்க்கும் செயலிகளில் இரண்டு வகை உண்டு. கேமராவைத் திறந்ததும் காது எங்கே, கழுத்து எங்கே என்று கண்டுபிடித்து, ஏற்கெனவே எடுத்து வைத்த நகையின் படத்தை அதன் மேல் பொருத்துவது ஒன்று. அதில் நகை மாறாது. பொருந்துவதில்தான் கோளாறு வரும். நீங்கள் பயன்படுத்துவது மற்றது. அது முழுப் படத்தையும் புதிதாக வரைகிறது. உங்கள் கொலுசைப் பார்த்து, அதைப் போலவே ஒன்றைப் போடுகிறது. முத்தை அது எண்ணுவதில்லை. கொக்கி இருக்கும் இடத்தில் பூ வைக்கும், கம்பியைத் தடிமனாக்கும், காலின் அளவு தெரியாததால் பத்தரை அங்குலக் கொலுசையும் குழந்தைக் கொலுசையும் ஒரே அளவில் காட்டும்.

துணியில் இது நடந்தால் நிறம் கொஞ்சம் மாறியது என்று விட்டுவிடலாம். கொலுசு கிராம் கணக்கில் விற்கிற பொருள். ஒரு வரிசை முத்து கூடுதலாகத் தெரிந்தால், அத்தனை கிராம் வெள்ளி கூடுதலாகத் தருகிறேன் என்று சொன்னதாக ஆகிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளைப் பற்றித் தவறாக விவரிப்பது தவறான விளம்பரம். ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளும், படமும் விவரமும் பொருளின் தோற்றத்தோடும் தரத்தோடும் ஒத்துப்போக வேண்டும், விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்கின்றன. "படம் மாதிரிக்கு மட்டும்" என்ற ஒரு வரி இந்தப் பொறுப்பைக் கழற்றிவிடாது. மெஷின்தான் வரைந்தது என்பதும் பதிலாகாது. விற்றது நீங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: இந்தச் சட்டப்படி வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வழக்கு நடக்கும். கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற வேண்டியது நீங்கள். ஒரு ஜோடி கொலுசுக்காக இது வேண்டுமா? கூரியர் செலவையும் நீங்களே ஏற்று, பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுங்கள். மூன்று வரிசையே வேண்டும் என்றால், கூடுதல் எடைக்கு எவ்வளவு என்று சொல்லிச் செய்து கொடுக்கலாம்.

நீங்கள் அனுப்பிய மாதிரிப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொக்கியின் பக்கத்தில் "925" போல ஒரு முத்திரை தெரிகிறது. உங்கள் கொலுசு என்ன டச் (நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி) என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது 92.5 இல்லை. நகைப் படங்களில் அடிக்கடி பார்த்த முத்திரையை ஏ.ஐ. தானாகவே வரைந்திருக்கிறது. மூன்று வரிசை முத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, ஆனால் ஹால்மார்க் போட்டால் 2025 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு இலக்க அடையாள எண்ணும் (எச்.யு.ஐ.டி.) வருகிறது. முத்திரை வாங்காத பொருளை முத்திரையோடு காட்டுவது வெறும் தவறான விளம்பரத்தோடு நிற்காது, இந்தியத் தரநிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) சட்டத்திலும் சிக்கலாகும். அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். இனி ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, கொலுசைக் கையில் வைத்துக்கொண்டு, முத்து, கொக்கி, முத்திரை என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே போடுங்கள்.

"சும்மா ஒரு சாயல்தானே"

கொழுந்தனார் மகன் ஒரு நடிகையின் பெயரைப் போட்டு, "அவங்க மாதிரி முகம்" என்று கேட்டு வாங்கிய படங்களும் பக்கத்தில் இருப்பதாகக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றையும் நீக்குங்கள். 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு நகைத் தொழிலைச் சேர்ந்ததே. அமிதாப் பச்சனும் ஜெயா பச்சனும் ஒரு பெரிய நகை நிறுவனத்துக்காக நடித்த விளம்பரப் படத்தை, வேறொரு ஊர் நகைக்கடை தன் ஹோர்டிங்கில் போட்டுக்கொண்டது. பிரபலம் யார் என்று பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறதா என்பதை நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்து, கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2023-ல் அனில் கபூர் வழக்கில் ஏ.ஐ. மூலம் அவருடைய முகத்தையும் குரலையும் பயன்படுத்துவதற்கும் அதே நீதிமன்றம் தடை போட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2015-லேயே ரஜினிகாந்த் வழக்கில் இந்த உரிமையை ஏற்றிருக்கிறது. அசல் படத்தை எடுக்கவில்லை, சாயல்தான் என்று சொன்னாலும், பார்ப்பவர்கள் "அட, இவங்களா!" என்று நினைக்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்தப் பெயரைப் போட்டீர்கள்?

பக்கத்தை மூட வேண்டாம்

உங்கள் கணவரின் பயம் புரிகிறது. ஆனாலும் பக்கத்தை மூட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ஏ.ஐ. படம் போட்டு நகை விற்பது குற்றமில்லை. யாருடைய உடம்பு, எந்தப் பொருள் என்ற இரண்டில் மட்டும் பொய் இருக்கக்கூடாது.

நீங்கள் விற்பதில் பெரும்பகுதி கொலுசும் மெட்டியும். கொலுசுக்கு முகம் எதற்கு? உங்கள் காலிலேயே போட்டு, வாசல் திண்ணையில் காலை வெயிலில் செல்போனில் எடுங்கள். அந்தப் படத்தில் கால் உங்களுடையது, கொலுசு உங்களுடையது, பதிப்புரிமையும் உங்களுடையது. பின்னணியை மட்டும் ஏ.ஐ. மாற்றட்டும். ஏற்காடு ஏரி வந்தால் யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. ஆரம், ஜிமிக்கிக்கு முகம் தேவைதான். அதற்கு யாருடைய சாயலும் இல்லாமல் செயலியே உருவாக்கும் கற்பனை முகத்தைப் பயன்படுத்தலாம். நகையை மட்டும் அதை வரையவிடாதீர்கள். உண்மையான நகையின் படத்தைப் பின்னணி நீக்கி வெட்டியெடுத்து, அந்த முகத்தின் மேல் பொருத்தச் சொல்லுங்கள். கொஞ்சம் ஒட்டவைத்ததுபோல் தெரியும். பரவாயில்லை.

பதிவில் முதல் படம் எப்போதும் அசல் பொருளாக இருக்கட்டும், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தது. எடை, நீளம், டச் மூன்றையும் எழுதுங்கள். போட்டுக்காட்டும் படம் இரண்டாவதாக வரட்டும், "இது ஏ.ஐ. மூலம் உருவாக்கிய படம்" என்று அந்தப் படத்தின் மேலேயே போடுங்கள். இப்படிப்பட்ட படங்களில் அடையாளக் குறி வேண்டும் என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் வரைவு வெளியிட்டது. 2026 பிப்ரவரியில் அது விதியாகவே வந்துவிட்டது.

வாடிக்கையாளர் படத்தைப் பயன்படுத்துவதானால் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வாங்குங்கள்: எந்தப் படம், எங்கெல்லாம் போடலாம், எவ்வளவு காலம், ஏ.ஐ. மூலம் மாற்றலாமா, வேண்டாம் என்றால் எத்தனை நாளில் நீக்குவீர்கள். வாட்ஸ்அப்பிலேயே "சம்மதம்" என்று பதில் வாங்கினாலும் போதும், கேள்வி தெளிவாக இருந்தால். குழந்தைக் கொலுசுக்கு முகம் வேண்டவே வேண்டாம், கால் மட்டும் போதும். அதற்கும் பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். "எனக்கு எப்படி இருக்கும்னு போட்டுக் காட்டுங்க" என்று செல்ஃபி அனுப்புகிறவர்களிடம், வெளிச் செயலியில் ஏற்றப் போகிறோம் என்று சொல்லிவிட்டு ஏற்றுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகளுக்குக் கொடுத்த அவகாசம் 18 மாதம். பழக்கத்தை இப்போதே மாற்றிக்கொள்வது சுலபம்.

உங்கள் படத்தை எடுத்துப் போட்டவர்

இங்கே உங்கள் கை அவ்வளவு வலுவாக இல்லை. கணினி மூலம் உருவாகும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-லேயே சேர்த்தார்கள். ஆனால் இன்றைய ஏ.ஐ. படங்களுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நம் நீதிமன்றங்கள் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. அதிலும் மணப்பெண் படத்தையோ நடிகை சாயலையோ வைத்து "இது என் படம்" என்று புகார் கொடுக்கப் போனால், முதலில் மாட்டுவது நீங்கள்தான். நீங்களே செல்போனில் எடுத்த கொலுசுப் படங்களை அவர் எடுத்திருந்தால் தயங்காமல் இன்ஸ்டாகிராமில் பதிப்புரிமைப் புகார் கொடுங்கள். அசல் கோப்பு உங்கள் போனில் இருக்கிறதே.

கொலுசு டிசைன் எல்லாருக்கும் பொது என்று உங்கள் கணவர் சொல்வது பழைய டிசைன்களுக்குச் சரி. புதிதாக உருவாக்கிய டிசைனை 2000-ம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதிவு செய்யலாம். 10 வருடம் பாதுகாப்பு, மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். பதிவு செய்யாமல் இயந்திரத்தில் 50-க்கு மேல் அடித்துவிட்டால், பதிப்புரிமையிலும் பாதுகாப்பு கிடைக்காது. தீபாவளிக்குப் புது மாடல் ஒன்று பட்டறையில் தயாராகிறது, ஏ.ஐ. படம் போட்டு முன்கூட்டியே ஆர்டர் பிடிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே டிசைன் வெளியே தெரிந்துவிட்டால் அது புதியது என்ற தகுதி போய்விடும். அசல் கொலுசு செய்யும் முன்பே ஏ.ஐ. படமாகப் போட்டாலும் அதே கதிதான். எல்லாப் பக்கமும் தெரியும்படி கொலுசைப் படமெடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாம்.